கடற்கரை வீட்டில் நான்கு நாள்: எதைச் செய்யலாம், எதை விடலாம்?

வீடு பிடித்தாகிவிட்டது. எட்டுப் பேர், நான்கு நாள், வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். அங்கே போய் என்ன செய்வது என்பது மட்டும்தான் பாக்கி. இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடுதான் வருவார்கள். போன வாரம் தோழி ஒருத்தி காட்டிய பட்டியலில் பதினேழு அயிட்டம். விடியலில் யோகா, அப்புறம் நீச்சல், அப்புறம் படகு என்று போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய ஆபீஸ் காலண்டரே இதைவிடக் காலியாக இருக்கும்.

"இதுல எதை எடுக்கறது, எதை விடறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் குடும்பமாக இப்படி ஒரு வீட்டில் தங்கினோம். திரும்பும் வழியில் காரில் எல்லோரும் "சூப்பரா இருந்துச்சு, அடுத்த வருஷமும் வரலாம்" என்று பேசிக்கொண்டு வந்தோம். சித்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை. "என்ன சித்தி, உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டேன். "பிடிச்சுதுடா. ஆனா நான் கடலைப் பார்க்கவே இல்லியே. நாலு நாளும் தண்ணிக்குள்ள தலையை எண்ணிட்டுல்ல நின்னேன்" என்றாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர். ஒன்று, இரண்டு, மூன்று... நான்காவது எங்கே? அதோ. மறுபடி ஒன்று, இரண்டு. நாங்கள் குளித்த நேரமெல்லாம் சித்தி இதைத்தான் செய்திருக்கிறாள். அந்தக் காரில்தான் எனக்கு முதல் அளவுகோல் கிடைத்தது.

## எதை வைத்து எடை போடுவது

"ஜாலியா இருக்குமா?" என்ற கேள்வியை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. கடற்கரையில் முதல் அரை மணி நேரம் எல்லாமே ஜாலிதான். நான் பார்ப்பது இந்த ஐந்தை:

யாருடைய ஓய்வு இதற்குச் செலவாகிறது? ஒவ்வொரு பொழுதுபோக்குக்குப் பின்னாலும் காவல் நிற்கிறவர், துடைக்கிறவர், தூக்கி வருகிறவர் என்று ஒருவர் இருப்பார். அது தினமும் ஒரே ஆளாக இருந்தால் அவருக்கு அது விடுமுறை ஆகாது.

நேரம் யார் கையில்? கடலுக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் தனித்தனிக் கடிகாரம். பெரும்பாலான கரைகளில் ஓதம், அதாவது கடல் மட்டம், ஒருமுறை உச்சத்துக்கு ஏறி, இறங்கி, மறுபடி உச்சத்துக்கு வர ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் ஏற்றமும், கடல் உள்வாங்கும் வற்றமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை 7 மணிக்கு வற்றம் என்றால் நான்காம் நாள் அது 9.30-க்கு. "தினமும் 7 மணிக்குப் பாறைப் பக்கம்" என்று எழுதி வைத்தவர் கடைசி நாள் பாறைக் குட்டைகள் தண்ணீருக்கு அடியில் கிடக்கும்போதே போய் நிற்பார்.

முன்வேலை, பின்வேலை எவ்வளவு? ஒரு மணி நேர ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரத் துவையல் வேண்டுமா?

நடுவில் கழன்றுகொள்ளலாமா? தூக்கம் வந்தவர் எழுந்து போனால் மற்றவர்களுடைய ஆட்டம் கெடுமா?

நடக்காமல் போனால் என்ன நஷ்டம்? மழை வந்தால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடலாமா, இல்லை கட்டிய முன்பணம் போய்விடுமா?

## கடல் குளியல்

எல்லோரும் வருவதே இதற்குத்தான். தனிச் செலவு இல்லை, கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, எட்டு வயதுக்கும் எண்பது வயதுக்கும் கால் நனைக்கவாவது இடம் உண்டு. ஆனால் ஐந்து அளவுகோலிலும் வைத்துப் பார்த்தால் மறைமுகச் செலவு அதிகமாக இருப்பதும் இதில்தான்.

காவல் விஷயம் முதலில். குழந்தைகள் தண்ணீரில் இருந்தால் கரையில் ஒரு பெரியவர் வேறு எந்த வேலையும் இல்லாமல் நிற்க வேண்டும். கையில் போனோடு நின்றால் அது காவல் கிடையாது. அதனால் இதை முறை போட்டுச் செய்வதுதான் ஒரே வழி: ஆளுக்கு இருபது நிமிடம், அலாரம் வைத்து, "இப்போ என் முறை, நீ போ" என்று வாயால் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படிச் சொல்லாமல் விட்டால் "அவர் பார்த்துக்கொள்கிறார்" என்று நான்கு பேரும் நினைத்திருக்க, உண்மையில் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது, இடம் தேர்ந்தெடுப்பதில் நாம் இயல்பாகவே செய்கிற ஒரு தப்பு. அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்கும் கரையில் நடுவே ஓர் இடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கறுத்துத் தெரியும். "அங்கே அலையே இல்லை, பிள்ளைகளை அங்கே இறக்கலாம்" என்று தோன்றும். பல நேரம் அதுதான் கரையில் ஏறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் பாய்கிற வாய்க்கால், இழுநீரோட்டம். அதன் வழக்கமான வேகம் நொடிக்கு 0.3 முதல் 0.6 மீட்டர் வரை. 2.4 மீட்டர் வரைகூட அளந்திருக்கிறார்கள். எந்த நீச்சல் வீரனாலும் அந்த வேகத்தை எதிர்த்து நீந்த முடியாது. சிக்கினால் கரையை நோக்கி முட்டிமோதக் கூடாது. மிதந்து மூச்சைச் சேமித்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த வாய்க்காலை விட்டு வெளியேறி, பிறகு கரைக்குத் திரும்பலாம். சிவப்பும் மஞ்சளும் பாதிப்பாதியாக உள்ள கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் உயிர்காப்பாளர்களின் கண் இருக்கிறது என்று பொருள். குளிக்கிற இடம் அதுதான். முழுச் சிவப்புக் கொடி என்றால் வேடிக்கை பார்ப்பதோடு சரி.

அப்புறம் வெயில். காலை 10 முதல் மாலை 4 வரை புற ஊதாக் கதிர் கடுமை. குடைக்குள் உட்கார்ந்தால் தப்பித்தோம் என்றும் இருக்க முடியாது: உலர்ந்த மணல் அதில் சுமார் 15 விழுக்காட்டையும் அலை நுரை சுமார் 25 விழுக்காட்டையும் திருப்பி நம் மேல் வீசும். தண்ணீருக்குள் அரை மீட்டர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் உள்ளதில் 40 விழுக்காடு இருக்கும். வெயில் கிரீம் வாங்கும்போது எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு எண்) 30 என்பது தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 என்பது சுமார் 98. வித்தியாசம் ஒன்றுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளித்துத் துவட்டியபோதெல்லாமும் மறுபடி பூசுவதுதான் முக்கியம். காலையில் ஒரு தடவை பூசிவிட்டு மாலைவரை நம்பி இருந்தவர்கள் ராத்திரி படுக்கையில் குப்புறத்தான் படுப்பார்கள்.

பின்வேலைக்கு வருவோம். எட்டுப் பேர், ஒரு குளியலறை, எட்டு ஈரத் துண்டு, தண்ணீர் போகும் குழாயில் கைப்பிடி மணல். வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் வைத்துக் கால் கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னால் இந்தத் துன்பத்தில் பாதி குறையும்.

எப்போது இதுவே சிறந்தது: உயிர்காப்பாளர் இருக்கும் கரை, முறை மாற்றிக்கொள்ள நீந்தத் தெரிந்த இரண்டு பெரியவர்களாவது உண்டு, வெயில் ஏறுவதற்கு முன் ஒன்றரை மணி நேரம். எப்போது விடலாம்: காவலுக்கு எப்போதும் ஒரே ஆள்தான் என்றால்.

## வற்றத்தில் கரை நடை

என் ஓட்டு இதற்குத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலை எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவலாம்.

கடல் உள்வாங்கி, ஈர மணல் பளபளக்கும் நேரம். பக்கத்தில் பாறை இருந்தால் அதன் பள்ளங்களில் தண்ணீர் தேங்கிச் சின்னச் சின்னக் குட்டைகள் கிடக்கும். ஒரு குட்டைக்கு முன்னால் குந்தி, உங்கள் நிழல் அதில் விழாமல் இரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, வெறும் கல். பிறகு ஒரு சங்கு நகரும். சங்கு இவ்வளவு வேகமாக நகராதே என்று உற்றுப் பார்த்தால் அடியில் கால்கள், உள்ளே துறவி நண்டு. பூ மாதிரி விரிந்திருப்பது கடல் சாமந்தி. அதன்மேல் ஒரு மணல் துகள் விழுந்தால் போதும், இதழை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு சதைப் பொட்டாகிவிடும். போன் இல்லாமல் ஒரு பதின்ம வயதுப் பையன் நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்ததை இதில்தான் பார்த்திருக்கிறேன்.

நேரம் மட்டும் கணக்காக இருக்க வேண்டும். முழு வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் கிளம்புங்கள், தண்ணீரோடு சேர்ந்து நீங்களும் இறங்கிப் போகலாம். திரும்புவதற்குக் கடலோடிகளின் ஒரு பழைய கணக்கு உண்டு: ஏற்றத்துக்கான ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும், இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று பங்கு, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. அதாவது தண்ணீர் முதலில் சும்மா இருப்பது போல ஏமாற்றிவிட்டு நடு இரண்டு மணியில் பாதி உயரத்தை ஏறிவிடும். பாறை முனையைச் சுற்றிப் போனவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். வற்றம் முடிந்ததும் திரும்பிவிடுங்கள்.

மறைமுகச் செலவு உண்டு. பாசி படிந்த பாறையில் ரப்பர் செருப்பு எமன். காலோடு பொருந்திய, வார் வைத்த செருப்பு வேண்டும். காய்ந்த மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். "கொஞ்ச தூரம்தானே" என்று பாட்டியைக் கூட்டிப் போகிறவர்கள் அலை ஓரத்து ஈர மணலிலேயே நடத்திப் போக வேண்டும். வெப்பக் கடல்களில் கூம்பு வடிவில், அழகான கோலம் போட்ட உயிருள்ள சங்கு கிடந்தால் தொடவே கூடாது. சில வகைகளின் விஷம் ஆளையே கொல்லும். காலிச் சங்கு என்று நினைத்து நாங்கள் ஒருமுறை பையில் போட்டு எடுத்துவந்த ஒன்றுக்குள் குடியிருந்தவர் உள்ளேயே இறந்துபோனார். அந்தக் காரில் ஒரு மாதம் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போனோம். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது. பல இடங்களில் எடுத்துப் போவதே குற்றம்.

மற்ற அளவுகோல்களில் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். யார் வேண்டுமானாலும் பாதியில் திரும்பலாம், முன்பணம் கிடையாது, துவைக்க ஒரு ஜோடிச் செருப்புதான். எப்போது சரிவராது: ஓதம் அதிகம் ஏறி இறங்காத கடலோரத்திலும், விடுமுறை நாட்களில் வற்றம் நட்டநடு மதியத்தில் விழும்போதும்.

## மணல் வேலை

சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைத் தவிர்க்க முடியாது. கோட்டை நிற்பதற்குக் காரணம் மணல் துகள்களுக்கு இடையில் பாலம்போலப் பிடித்துக்கொள்ளும் கொஞ்சூண்டு தண்ணீர். உலர்ந்தாலும் சரியும், ஊறினாலும் சரியும். எட்டு வாளி மணலுக்கு ஒரு வாளித் தண்ணீர் என்பது கைகொடுக்கிற கணக்கு. ஏற்றக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே தொடங்கினால் இரண்டு மணி நேரம் நிற்கும். கீழே தொடங்கினால் கடல் வந்து இடிப்பதே ஆட்டமாகிவிடும். என் அக்கா பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

கோட்டை கட்டலாம், குழி வேண்டாம். ஆழமாகத் தோண்டிய மணல் குழி பக்கச்சுவர் சரிந்து ஆளை மூடிவிடும். கூட்டத்திலேயே குட்டையானவரின் முழங்காலுக்கு மேல் ஆழம் போகக் கூடாது, கிளம்பும்போது மூடிவிட வேண்டும். பெரியவர்களுக்கு இதில் ஓய்வு உண்டா? உண்டு, குடை நிழலில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்க்கிற அளவுக்கு.

## வாடகைப் படகும் நீர்முகமூடியும்

கயாக், நின்று துடுப்புப் போடும் பலகை, தண்ணீருக்குள் மீன் பார்க்க முகமூடியும் மூச்சுக்குழாயும். பட்டியல்களில் பெரும்பாலும் முதலிடம் இவற்றுக்குத்தான். எனக்கு இவற்றின்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

ஒரு மணி நேரப் படகு என்று சொல்வார்கள். நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும், கால் மணி முன்னால் போக வேண்டும், மிதவைச் சட்டை அளவு பார்க்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், எட்டுப் பேருக்கு மூன்று படகு என்றால் யார் யாரோடு என்று பஞ்சாயத்து வேறு. நனைந்து திரும்பிக் குளித்து முடிக்க அரை நாள் போயிருக்கும். வாடகை நம் கையில் இருந்து போவது தெரியும், அரை நாள் போவது தெரியாது.

காற்றும் நம் பேச்சைக் கேட்காது. பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். அதனால் மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுத்துத் தண்ணீர் குலுங்கும். துடுப்புக்கு நல்ல நேரம் காலைதான். ஆனால் காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் அடிக்கும் நாளில் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தாலும் இறங்காதீர்கள். போவது சுகமாக இருக்கும், திரும்ப முடியாது. காற்று ஊதிய மெத்தை, அன்னப்பறவை மிதவை எல்லாம் இந்த நாளில் கரையைவிட்டுத் தாண்டவே கூடாது.

எப்போது இதுவே சிறந்தது: கூட்டத்தில் சும்மா உட்காரவே முடியாத இரண்டு பேர் இருந்தால் அவர்களை மட்டும் அனுப்புங்கள். திரும்பி வந்து அவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள், வீடும் அமைதியாக இருக்கும். எல்லோரையும் இழுத்துப் போனால்தான் வினை.

## தூண்டில்

பொறுமைசாலி ஒருவருக்கு நல்ல துணை, கூட்டத்துக்கு ஆகாது. ஓதம் நகர்கிற நேரம் வாய்ப்பு அதிகம். அனுமதிச் சீட்டு வேண்டுமா, எந்த மீனைத் திரும்ப விட வேண்டும் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பிடித்தால் அதைச் சுத்தம் செய்யப்போவது யார் என்பதையும் சேர்த்து. எங்கள் மாமா ஒரு மாலை முழுக்கத் தூண்டில் போட்டு உள்ளங்கை நீள மீன் ஒன்றைப் பிடித்தார். நாங்கள் நான்கு பேர் கத்தியும் பலகையும் தேடினோம்.

## தாழ்வாரத்தில் சும்மா

"சும்மா இருக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று யாராவது ஒருவர் கேட்பார். ஆமாம், அதற்குத்தான். இது எல்லாவற்றையும்விடக் கடினமானது, பழக்கமில்லாதவர்களுக்கு முதல் நாள் கை கால் ஓடாது. போனை எடுப்பார்கள், வைப்பார்கள், ஃபிரிட்ஜைத் திறப்பார்கள், மூடுவார்கள். இரண்டாம் நாள் மதியம்தான் உடம்பு இறங்கி வரும்.

மதியம் 12-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேறெதுவும் செய்யத் தேவையில்லை என்பதால் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கவே வேண்டாம். ஆளுக்கொரு புத்தகம், காலை நீட்ட ஒரு நாற்காலி. நெய்தலுக்கு எற்பாட்டைப் பொழுதாக வகுத்துத் தந்தவர்களும் வெயில் தாழும் அந்த வேளையில் இப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கும் செலவு உண்டு. உப்புக் காற்றில் தாள் ஈரம் உறிஞ்சிப் புத்தகம் ஊதிக்கொள்ளும், வெயில் கிரீம் விரல் பட்ட பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை. ஆசைப்பட்டு வாங்கிய கெட்டி அட்டைப் பதிப்பை வீட்டில் வைத்துவிட்டுப் பழைய, மெலிந்த புத்தகம் ஒன்றைக் கொண்டுபோங்கள். கனமான, "இதைப் படித்தே தீருவேன்" வகைப் புத்தகத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் படித்து முடித்த எவரையும் எனக்குத் தெரியாது.

பெரிய செலவு வேறு: ஒருவர் சும்மா இருக்க இன்னொருவர் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அதனால் குழந்தை உள்ள வீட்டில் "சும்மா" என்பதையும் முறை போட வேண்டும். இன்று மதியம் அப்பாவுக்கு, நாளை அம்மாவுக்கு, கேள்வி கேட்கக் கூடாது, எழுப்பக் கூடாது.

## சீட்டும் பலகை ஆட்டமும்

மழைக்கும் இரவுக்கும் காப்பீடு. சீட்டுக்கட்டை வெளியே எடுக்காதீர்கள், காற்று 52-ஐ 51 ஆக்கிவிடும். நீளமான விதிப்புத்தகம் உள்ள ஆட்டம் வேண்டாம், அரை மணிக்குள் முடிகிற, பாட்டியும் பேத்தியும் ஒரே அணியில் ஆடக்கூடியது போதும். 1000 துண்டு ஜிக்சாவுக்கு ஒரு தனி மகிமை உண்டு: மேசை மூலையில் நான்கு நாளும் கிடக்கும், போகிற வருகிறவர்கள் ஆளுக்கு நான்கு துண்டு வைத்துவிட்டுப் போவார்கள். சேரவும் விலகவும் இவ்வளவு சுதந்திரம் வேறு எதிலும் கிடையாது. சாப்பாட்டுக்கு வேறு மேசை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## சேர்ந்து சமைப்பது

"எல்லாருமா சேர்ந்து சமைக்கலாம், ஜாலியா இருக்கும்." இந்த வாக்கியத்தைச் சொன்னவர் வெங்காயம் உரித்து நான் பார்த்ததில்லை.

வாடகை வீட்டுச் சமையலறையை நம்பி எந்தத் திட்டமும் போடக் கூடாது. கத்தி தக்காளியை நசுக்கும், வெட்டாது. மூடி இருக்கும், அதற்கான பாத்திரம் இருக்காது. எட்டுப் பேருக்கு ஆறு தட்டு. நல்ல கத்தி ஒன்று, பெரிய பாத்திரம் ஒன்று, பாத்திரம் துடைக்கும் துணி இரண்டு, இவை வீட்டிலிருந்து வர வேண்டும்.

ஆனால் உண்மையான செலவு பாத்திரத்தில் இல்லை. வீட்டில் தினமும் சமைக்கிறவரே இங்கேயும் அடுப்படிக்குள் போய்விடுவார், மற்றவர்கள் "உதவி வேணுமா?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சட்டம் போட்டோம்: ஊரில் சமைக்கிறவர் இங்கே அடுப்படிக்குள் காலே வைக்கக் கூடாது, ருசி பார்க்கக்கூட. முதல் வருடம் உப்பு அதிகம், இரண்டாம் வருடம் அடிப்பிடித்தது. மூன்றாம் வருடம் நன்றாகவே இருந்தது. அத்தைக்கு அதில் கொஞ்சம் வருத்தம் என்று பட்டது.

எப்போது இதுவே சிறந்தது: நாளுக்கு ஒருவேளை மட்டும், ஒரே பாத்திரத்தில் முடிகிற சாப்பாடு, சமைத்தவர் கழுவுவதில்லை என்ற விதியோடு. மற்ற வேளைகளுக்கு வெளியிலோ, வாங்கிவந்தோ சாப்பிட முடியாத தனியான இடம் என்றால் இதை ஒரு பொழுதுபோக்காக எண்ணாதீர்கள். அது வேலை, முறைப் பட்டியல் போட்டுப் பங்கு பிரித்துவிடுங்கள்.

## இரவு வானம்

இலவசம், மணல் ஒட்டாது, யாரும் எப்போதும் தூங்கப் போகலாம். விளக்குகளை அணைத்துவிட்டு 20 முதல் 30 நிமிடம் காத்திருந்தால்தான் கண் இருட்டுக்குப் பழகும். நடுவில் ஒருவர் போன் திரையைத் திறந்தால் அவர் கண்ணுக்குப் பழக்கம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. ஆகஸ்ட் 12, 13 வாக்கில் பெர்சீட், டிசம்பர் 13, 14 வாக்கில் ஜெமினிட் எரிகல் மழைகள் உச்சத்துக்கு வரும். சில கடல்களில் சில பருவங்களில் கலங்கிய அலை நீலமாக ஒளிரும், அது நுண்ணுயிர்களின் வெளிச்சம். அதை நம்பித் திட்டம் போட முடியாது, வந்தால் வரம்.

இன்னும் தேதி குறிக்காதவர்களுக்கு ஒன்று: வானம் பார்க்க நிலா இல்லாத இரவு வேண்டும், பாறைக் குட்டைக்குக் கடல் நன்றாக உள்வாங்க வேண்டும். ஓதம் அதிகமாக ஏறி இறங்குவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில். இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அமாவாசையை ஒட்டித்தான். கடல் மேல் நிலா எழுவதைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் பௌர்ணமிக்குப் போங்கள், நட்சத்திரத்தைக் கேட்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| எது | யார் ஓய்வு போகும் | நேரக் கட்டு | முன்பின் வேலை | நடுவில் விலக |
|---|---|---|---|---|
| கடல் குளியல் | காவல் நிற்பவர் | வெயில், அலை | அதிகம் | எளிது, காவலருக்கு மட்டும் முடியாது |
| வற்றத்தில் நடை | யாருக்கும் இல்லை | ஓதம், கறார் | குறைவு | எளிது |
| மணல் வேலை | ஒரு பெரியவர், பாதி | வெயில் | நடுத்தரம் | எளிது |
| படகு, முகமூடி | ஏற்பாடு செய்பவர் | காற்று, வாடகை நேரம் | அதிகம் | முடியாது |
| தூண்டில் | மீனைச் சுத்தம் செய்பவர் | ஓதம் | நடுத்தரம் | எளிது |
| தாழ்வாரம் | பிள்ளைகளைப் பார்ப்பவர் | இல்லை | இல்லை | எளிது |
| சீட்டு, ஜிக்சா | யாருக்கும் இல்லை | இல்லை | இல்லை | சீட்டில் கடினம் |
| சமையல் | ஒருவருக்கே மொத்தமும் | பசி | மிக அதிகம் | முடியாது |
| வானம் | யாருக்கும் இல்லை | நிலா, மேகம் | இல்லை | எளிது |

## உங்கள் கூட்டம் எது?

ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள்: காலையில் மணல் வேலையும் கால் நனைப்பும், மதியம் முறை போட்டுத் தூக்கம். படகை மறந்துவிடுங்கள். இரவு வானத்துக்கு அவர்கள் விழித்திருக்கவும் மாட்டார்கள்.

வயதானவர்கள் கூட வந்தால்: வற்ற நேரத்து ஈர மணல் நடை, தாழ்வாரம், சீட்டு. வீடு பிடிக்கும்போதே கரைக்கு இறங்கும் வழியில் எத்தனை படி என்று கேட்டுவிடுங்கள். படி அதிகமென்றால் அவர்களுக்கு எல்லா நாளும் தாழ்வாரம் மட்டும்தான், அந்தத் தாழ்வாரத்திலிருந்து கடல் தெரிய வேண்டும்.

இரண்டே பேர்: எதற்குமே திட்டம் வேண்டாம். வற்ற நேர அட்டவணை ஒன்று போதும்.

எல்லா வயதும் கலந்த பெரிய கூட்டம்: நாளுக்கு ஒரே ஒரு விஷயத்தை நேரம் குறித்து வையுங்கள், அதையும் கடலின் கடிகாரத்தைப் பார்த்து. மற்றதெல்லாம் வந்தவர் வரட்டும். தோழியின் பதினேழை இப்படித்தான் நான்காக்கினோம்: முதல் நாள் ஒன்றுமில்லை, இரண்டாம் நாள் பாறைக் குட்டை, அன்று இரவே வானம், மூன்றாம் நாள் அவள் தம்பிக்கும் அவன் நண்பனுக்கும் மட்டும் படகு, நான்காம் நாள் கரை நடை. குளியலை நாங்கள் எழுதவே இல்லை, எப்படியும் நடக்கும். குளியலுக்கான காவல் முறையை மட்டும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொன்னேன்.

## கடைசி நாள் காலை

"கிளம்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு முங்கு" என்று கடைசி நாள் காலை யாராவது ஆரம்பிப்பார்கள். முந்தின நாள் துவைத்த துண்டெல்லாம் கொடியில் காய்ந்திருக்கும், பை பாதி கட்டியிருக்கும். பதினோரு மணிக்குச் சாவி கொடுக்க வேண்டும். இறங்கினால் எட்டு ஈர உடுப்பு பிளாஸ்டிக் பையில் மூன்று மணி நேரம் வேகும், வீட்டுக்கு வந்து திறப்பவருக்குத்தான் அந்த வாசனை.

நாங்கள் இப்போதெல்லாம் அன்று காலை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் நனைகிற அளவுக்கு மட்டும் நடந்துவிட்டு வருகிறோம். போன தடவை பிள்ளைகளுக்குத் தலை எண்ண என்னை நிறுத்திவிட்டுச் சித்தி தனியாகவே நடந்து போனாள். திரும்பி வரும்போது புடவைக் கரையெல்லாம் முழங்கால் வரை நனைந்திருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புடவைக்கு மட்டும் பின் சீட்டில் ஜன்னலோரமாகக் காய இடம் கொடுத்தோம்.